ஆறு மாத மாத்திரை எதற்கு?

நுரையீரலில் வரும் சாதாரண நிமோனியாவுக்குப் பெரும்பாலும் ஒரு வார மருந்து போதும். அதே நுரையீரலில் வரும் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. இரண்டுமே பாக்டீரியாவால் வருபவை. இரண்டுக்குமே கிருமியைக் கொல்லும் மருந்து உண்டு. காசநோயாளிக்கு மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் விடுகிறது, இருமல் தணிகிறது, பசி எடுக்கிறது. இரண்டு மாதம் முடிவதற்குள் பெரும்பாலானவர்களின் சளியில் கிருமி தென்படுவதும் நின்றுவிடுகிறது. அதன் பிறகும் நான்கு மாதம் மாத்திரை தொடர்கிறது. காரணம் புரியாததால் பலர் நடுவிலேயே மருந்தை விட்டுவிடுகிறார்கள். நோய் திரும்பி வருகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் அதனால் இறந்தனர். நோயுற்றவர்களில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் இந்தியாவில் இருக்கிறார்கள். குணப்படுத்தும் மருந்துகள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையில் இருந்தும் நிலைமை இப்படி இருக்கச் சிகிச்சையின் நீளமும் ஒரு காரணம். அந்த நீளத்தின் வேர் கிருமியின் உடலமைப்பிலும் அது நுரையீரலுக்குள் வாழும் விதத்திலும் இருக்கிறது.

மெழுகுச் சுவர்

காசநோயை உண்டாக்குவது மைகோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்ற கோல் வடிவ நுண்ணுயிரி. அதைக் கண்டறிந்ததாக ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அதற்கு முன்பு நுண்ணோக்கியில் தேடியவர்களுக்கு அது அகப்படாமல் போனதற்குக் காரணம் அதன் மேற்சுவர். மற்றப் பாக்டீரியாக்கள் ஏற்கும் சாயங்களை அது எளிதில் ஏற்பதில்லை. சுவரின் வெளிப்புறத்தில் மைகாலிக் அமிலம் என்னும் நீண்ட கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மூலக்கூறில் அறுபது முதல் தொண்ணூறு கார்பன் அணுக்கள் வரை இருக்கும். தண்ணீரில் கரைந்த எதுவும் இந்த மெழுகுப் படலத்தைத் தாண்டி உள்ளே போவது கடினம்.

இந்தத் தடையே இன்று கிருமியை அடையாளம் காட்டவும் பயன்படுகிறது. சளிப் பரிசோதனையில் கண்ணாடித் தகட்டின்மீது சளியைப் பூசிக் காயவைத்து, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டுகிறார்கள். வெப்பம் பட்டதும் சாயம் சுவருக்குள் இறங்குகிறது. பிறகு அமிலம் கலந்த நீரால் கழுவினால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு வெளியேறிவிடும். மெழுகுச் சுவருக்குள் சிக்கிய சாயம் மட்டும் தங்கிவிடும். கடைசியாக நீலச் சாயம் பூசினால், நீலப் பின்னணியில் மெல்லிய, சற்றே வளைந்த சிவப்புக் கோல்கள் தெரியும். அமிலம் தாங்கும் கிருமிகள் என்று இவற்றுக்குப் பெயர். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் தென்படும். ஆகவே ‘சளியில் கிருமி இல்லை’ என்ற முடிவு, நுரையீரலில் கிருமியே இல்லை என்று பொருள்படாது.

சுவருக்கு அடுத்த தன்மை மந்தம். குடலில் வாழும் ஈகோலை பாக்டீரியா, நல்ல உணவு கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிய 18 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் முட்டை கலந்து செய்த பச்சை நிற ஊட்டத்தின்மீது சளியைத் தடவி 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால், கிருமிக் கூட்டம் கண்ணுக்குத் தெரிய மூன்று முதல் எட்டு வாரம் ஆகும். அப்போதும் தெரிவது, சாம்பல் கலந்த வெளிர்மஞ்சள் நிறத்தில் வறண்டு சொரசொரப்பாக இருக்கும் சிறு திட்டுகள்தான்.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளில் பெரும்பாலானவை கிருமி வளரும்போது செய்யும் வேலைகளைக் குறிவைப்பவை. காசநோய்க்கான முதன்மை மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட், மைகாலிக் அமிலம் தயாராவதைத் தடுக்கிறது. புதிய சுவர் கட்டிக்கொண்டிருக்கும் கிருமி அதனால் சாகும். கட்டாமல் ஓய்ந்திருக்கும் கிருமிக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. மெதுவாக வளரும் கிருமியிடம் மருந்துகள் திணறுவதற்கு இது முதல் காரணம்.

நுரையீரலுக்குள் நடப்பது

காசநோயாளி இருமும்போது வெளியேறும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். ஒன்று முதல் ஐந்து மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்துளிகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போகும்போது மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் ஒட்டாமல் நுரையீரலின் கடைசி எல்லையான நுண்காற்றறைகள்வரை இவைதான் சென்று சேர்கின்றன. அங்கே காவல் இருப்பவை பெருவிழுங்கணுக்கள் என்னும் வெள்ளணுக்கள். வந்த கிருமியை இவை விழுங்கிச் சிறு பையில் அடைக்கின்றன. செரிக்கும் அமிலமும் நொதிகளும் கொண்ட இன்னொரு பை அதனுடன் சேரும்போது கிருமி அழிய வேண்டும். காசநோய்க் கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிடுகிறது. தன்னைக் கொல்ல வேண்டிய அணுவுக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது.

உடல் அடுத்தபடியாக அந்த இடத்தைச் சுற்றி வெள்ளணுக்களை அடுக்கடுக்காக நிறுத்தி ஒரு முடிச்சை உருவாக்குகிறது. கிரானுலோமா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த முடிச்சு கிருமியை வெளியே போகவிடாமல் அடைத்துவைக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று நேர்ந்திருப்பதாகக் கணிக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டுமே வாழ்நாளில் எப்போதாவது நோயாக முற்றுகிறது. ஊட்டக்குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, புகை, மது ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன.

முடிச்சின் நடுப்பகுதியில் அணுக்கள் இறந்து, வெளிர்மஞ்சள் நிறக் கூழாகத் திரள்கின்றன. இதைச் சிதைகூழ் எனலாம். அங்கே இரத்தக் குழாய் கிடையாது; ஆக்சிஜன் மிகக் குறைவு. நோய் முற்றும்போது சிதைகூழ் இளகி மூச்சுக்குழாய்க்குள் உடைந்து வெளியேற, அந்த இடத்தில் குழி விழுகிறது. எக்ஸ்ரேயில் வளையமாகத் தெரிவது இந்தக் குழிதான். காற்று புகுந்ததும் குழியின் சுவரில் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. ஒரு குழியில் பத்துக் கோடிக்கும் மேல் இருக்கலாம். ஆக, ஒரே நோயாளியின் நுரையீரலில் ஒரே நேரத்தில் மூன்று வகையான கிருமிக் கூட்டங்கள் வாழ்கின்றன: குழிச்சுவரில் சுறுசுறுப்பாகப் பெருகுபவை, வெள்ளணுவுக்குள் இருப்பவை, சிதைகூழுக்குள் ஓய்ந்து கிடப்பவை. ஒரு மருந்து ஒரு கூட்டத்தை அழித்தால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

ஒற்றை மருந்தின் தோல்வி

காசநோயைத் தாக்கிய முதல் பயனுள்ள மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைச் சோதித்த விதம் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், முன்கூட்டியே ஒட்டிவைத்த உறைகளின் மூலம் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 1948இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் நால்வரும் பெறாத 52 பேரில் பதினான்கு பேரும் இறந்திருந்தனர்.

ஆனால் தேறியவர்களில் பலர் மீண்டும் நலிந்தனர். அவர்களின் சளியிலிருந்த கிருமியை மருந்து இப்போது ஒன்றும் செய்யவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது இரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மறைந்திருந்தது.

இதன் காரணம் எளிய கணக்கில் அடங்கும். கிருமி பிரியும்போது மரபணுவில் தற்செயலாகச் சிறு பிழைகள் நேரும். ஐசோனியாசிட்டைத் தாங்கும் பிழை ஏறத்தாழப் பத்து லட்சம் கிருமியில் ஒன்றிலும், பின்னாளில் வந்த ரிஃபாம்பிசினைத் தாங்கும் பிழை ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்றிலும் இருக்கும். பத்துக் கோடிக் கிருமி கொண்ட குழியில், எந்த ஒற்றை மருந்துக்கும் தப்பும் கிருமி சிகிச்சை தொடங்கும் முன்பே இருக்கிறது. மருந்து மற்றவற்றை அழித்து அதற்கு இடம் ஒதுக்கித் தருகிறது. இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டையும் ஒருசேரத் தாங்கும் கிருமி நூறு லட்சம் கோடியில் ஒன்றாகத்தான் இருக்கும். அத்தனை கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. காசநோய்க்கு எப்போதும் கூட்டு மருந்து தருவதன் காரணம் இதுவே. இன்று இந்தியாவில் முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் தினமும் தரப்படுகின்றன.

சென்னை ஆய்வு

கூட்டு மருந்து வந்த பிறகும் நோயாளிகள் மாதக்கணக்கில் சானட்டோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்க வேண்டும் என்ற எண்ணமே நிலவியது. ஓய்வு, தூய காற்று, சத்தான உணவு ஆகியவைதான் சிகிச்சையின் அடிப்படை என்று கருதப்பட்டது. ஏழை நாடுகளில் அத்தனை படுக்கைகளுக்கு வழியில்லை. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா, வீட்டிலுள்ளவர்களுக்கு ஆபத்தா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய இந்த மையத்துக்கு வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது இதன் தொடர்ச்சிதான்.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பாதியினர் சானட்டோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் செவிலியர் கவனிப்பும் பெற்றனர். மறு பாதியினர் நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு, வேலையும் பார்த்துக்கொண்டு இருந்தனர். மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே: ஐசோனியாசிட்டும் பி.ஏ.எஸ். என்ற இன்னொரு மருந்தும் ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் மருந்து சாப்பிடுகிறார்களா என்று சிறுநீரைச் சோதித்தும், முன்னறிவிப்பின்றிப் போய் மாத்திரைகளை எண்ணியும் பார்த்தார்கள்.

ஓராண்டு முடிவில் இரு பிரிவுகளிலும் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. மருந்து தொடங்கியதும் நோயாளி பரப்பும் கிருமி விரைவாகக் குறைந்துவிடுகிறது என்பதும், நோய் கண்டறியப்படும் முன்பே குடும்பத்தினருக்குத் தொற்று நேர்ந்துவிடுகிறது என்பதும் இதிலிருந்து புலனாயின. 1959இல் முடிவுகள் வெளியான பிறகு உலகெங்கும் சானட்டோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வாரம் இருமுறை ஊழியர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் அந்த மையம் சோதித்துப் பார்த்தது. பின்னாளில் பல நாடுகள் கைக்கொண்ட நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அது முன்னோடி.

எஞ்சும் கிருமிகள்

மரபணுப் பிழையால் கிருமி மருந்தைத் தாங்கும் சிக்கலைக் கூட்டு மருந்து தீர்த்தது. காலச் சிக்கல் தீரவில்லை. அன்றைய சிகிச்சை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை நீண்டது. முன்பே நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. திரும்பி வந்த கிருமியைச் சோதித்தால், பெரும்பாலும் பழைய மருந்துகளுக்கே அது சாகும் வகையாக இருந்தது. மருந்தால் சாகக்கூடிய கிருமி மருந்துக்கு எப்படித் தப்பியது?

நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வால்ஷ் மெக்டெர்மட் குழுவினர் 1956இல் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு வழிகாட்டியது. காசநோய் தொற்றிய எலிகளுக்கு ஐசோனியாசிட்டும் பைராசினமைடும் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள். பிறகு நுரையீரலையும் மண்ணீரலையும் அரைத்து வளர்த்துப் பார்த்தபோது எந்தக் கிருமியும் வளரவில்லை. எலிகள் முற்றிலும் குணமானதாகவே தோன்றியது. ஆனால் மருந்தை நிறுத்தி மூன்று மாதம் விட்டுவைத்த எலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் காசநோய்க் கிருமி மீண்டும் வளர்ந்தது. அரைத்துப் பார்த்தும் அகப்படாத கிருமிகள் உள்ளே உயிரோடு இருந்திருக்கின்றன.

வயலில் கோரை மண்டினால் கொத்திவிட்ட மறுநாள் நிலம் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு பத்து நாளில் மறுபடி முளைவிடும். முளைக்கும் ஒவ்வொரு முறையும் கொத்திக்கொண்டே இருந்தால்தான் கிழங்கு ஓயும். காசநோய்ச் சிகிச்சையின் பின்பகுதி அத்தகைய வேலை. எஞ்சுகிருமிகள் என்று சொல்லத்தக்க இவை பிரிவதை நிறுத்தி, சுவர் கட்டுவதையும் புரதம் செய்வதையும் மிகக் குறைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன. இந்த ஓய்வு மரபணு மாற்றத்தால் வருவதல்ல. சூழ்நிலைக்கேற்ப எடுக்கும் நிலை. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் லாரன்ஸ் வெய்ன் இதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். இறுக மூடிய குழாயில் கிருமியை மெல்லக் கலக்கிவிட்டபோது அது தானே ஆக்சிஜனைத் தீர்த்துக்கொண்டு, படிப்படியாகப் பிரிவதை நிறுத்தி, ஐசோனியாசிட்டுக்கு அசையாத நிலைக்குப் போனது. ஆக்சிஜன் கிடைத்ததும் மீண்டும் வளர்ந்தது. சிதைகூழின் நடுவிலும் ஆக்சிஜன் குறைவுதான்.

நைரோபி நோயாளிகளின் சளியில் தினமும் கிருமிகளை எண்ணிய ஆய்வு ஒன்று 1980இல் வெளியானது. சிகிச்சையின் முதல் இரண்டு நாளில் எண்ணிக்கை சரிவாக விழுந்தது. அந்த வீழ்ச்சியில் ஐசோனியாசிட்டை மிஞ்ச மருந்தில்லை. அதற்குப் பிறகு வேகம் குறைந்து, எண்ணிக்கை மெல்ல மெல்லவே இறங்கியது. முதல் இரண்டு நாளில் சாவது சுறுசுறுப்பான பெருங்கூட்டம். பின்வரும் மாதங்கள் அனைத்தும் எஞ்சியிருக்கும் சிறு கூட்டத்துக்காகவே.

முதன்மை மருந்துகளில் எஞ்சுகிருமிகளைத் தொடக்கூடியவை இரண்டு. அவ்வப்போது சிறிது நேரம் விழித்தெழும் கிருமியை ரிஃபாம்பிசின் உடனடியாகத் தாக்குகிறது. அமிலச் சூழலில் மந்தமாக இருப்பவற்றைப் பைராசினமைடு கொல்கிறது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் 1970இல் தொடங்கிய ஆய்வு இதை நோயாளிகளிடமே நிறுவியது. ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியாசிட்டும் மட்டும் ஆறு மாதம் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 29 பேருக்கு நோய் திரும்பியது. அவற்றுடன் பைராசினமைடு சேர்ந்தபோது அது சுமார் 8 ஆகவும், ரிஃபாம்பிசின் சேர்ந்தபோது சுமார் 3 ஆகவும் குறைந்தது. பதினெட்டு மாதச் சிகிச்சைக்கு இணையான பலன் ஆறு மாதத்தில் கிடைத்தது. அடுத்தடுத்த ஆய்வுகளில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். இன்றைய ஆறு மாதச் சிகிச்சை இப்படிப் பிறந்தது.

நான்கு மாதமாகக் குறைக்கும் முயற்சி

ஆறு மாதத்தை நான்காகக் குறைக்க மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளோடு மூன்று பெரிய ஆய்வுகள் நடந்தன. 2014இல் மூன்றின் முடிவுகளும் வெளியாயின. 1,931 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில், புதிய மருந்து பெற்றவர்களின் சளியில் கிருமி பழைய முறையைவிட விரைவாக மறைந்தது. ஆயினும் நான்கு மாதத்தில் நிறுத்தியபோது அவர்களில் அதிகமானோருக்கு நோய் திரும்பியது. சளி சுத்தமாவதும் நுரையீரல் சுத்தமாவதும் வேறு வேறு என்பதை மூன்று ஆய்வுகளும் உறுதிப்படுத்தின.

ஏன் என்பதற்கு மறு ஆண்டு ஒரு விடை கிடைத்தது. தென்கொரியாவில் முற்றிய காசநோய்க்காக நுரையீரலின் ஒரு பகுதியை அறுவை செய்து அகற்ற வேண்டியிருந்த நோயாளிகளுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, அறுவைக்கு முன் மருந்துகள் கொடுக்கப்பட்டன. அகற்றிய திசுவை மெல்லிய சீவல்களாக்கி, மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் நிறைமாலைமானியால் புள்ளி புள்ளியாக ஆராய்ந்தபோது, ஒவ்வொரு மருந்தும் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற வரைபடம் கிடைத்தது. மாக்ஸிஃப்ளாக்சசின் முடிச்சைச் சுற்றியுள்ள வெள்ளணுக்களில் நிறைந்திருந்தது. நடுவிலுள்ள சிதைகூழுக்குள் சரியாக இறங்கவில்லை. ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் அங்கேயும் போயிருந்தன. சோதனைக் குழாயில் ஒரு மருந்துக்கு உள்ள வீரியம், கிருமி இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேர்ந்தால்தான் பயன்படும்.

2021இல் வெளியான இன்னொரு ஆய்வு நான்கு மாதத்தைச் சாதித்தது. 13 நாடுகளில் 2,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அதில், ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக உடலில் நீண்ட நேரம் தங்கும் ரிஃபாபென்டினும், எத்தாம்பியூட்டாலுக்குப் பதிலாக மாக்ஸிஃப்ளாக்சசினும் தரப்பட்டன. பலன் ஆறு மாதச் சிகிச்சைக்குக் குறையவில்லை. குழந்தைகளிடம் நோய் பெரும்பாலும் லேசாகவும் கிருமி குறைவாகவும் இருக்கும். இந்தியா, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜாம்பியா ஆகிய நாடுகளில் 1,204 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கடுமையற்ற காசநோய்க்கு வழக்கமான மருந்துகளே நான்கு மாதம் போதும் என்று தெரிந்தது. சென்னையும் அதில் ஓர் ஆய்வு மையம்.

ரிஃபாம்பிசினுக்கே சாகாத கிருமி வந்தால் நிலைமை கடினம். முன்பு அத்தகைய நோயாளிகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிகிச்சை. அதில் காது கேட்கும் திறனைப் பறிக்கும் ஊசிகளும் உண்டு. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுலின் இதை மாற்றியது. அது கிருமியின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்துகிறது; ஓய்ந்து கிடக்கும் கிருமிக்கும் சிறிதளவு ஆற்றல் தேவை என்பதால் எஞ்சுகிருமிகளையும் அது தொடுகிறது. பெடாகுலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த, ஊசியே இல்லாத ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. எந்த மருந்து தேவை என்று முதல் நாளிலேயே தெரிய வேண்டுமானால் சிபிநாட் போன்ற மரபணுச் சோதனை வேண்டும். அது இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குச் சாகுமா என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது.

உறவினக் கிருமிகள்

மைகோபாக்டீரியா இனத்தில் ஏறத்தாழ 200 வகைகள் உண்டு. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் போக, மீதியுள்ளவற்றில் பெரும்பாலானவை மண்ணிலும் தண்ணீரிலும் குழாய்களின் உட்புறப் பாசியிலும் வாழ்கின்றன. மெழுகுச் சுவர் இருப்பதால் குளோரின் கலந்த நீரிலும் அவை தாக்குப்பிடிக்கின்றன. தினமும் எல்லோர் உடலுக்குள்ளும் போய் வரும் இவற்றால் பெரும்பாலும் தீங்கில்லை. பழைய காசநோய்த் தழும்பு, மூச்சுக்குழாய் விரிவு போன்ற கோளாறு உள்ள நுரையீரலில் ஏவியம் தொகுதி, கன்சாசி, அப்செசஸ் முதலிய சில வகைகள் குடியேறி, காசநோயைப் போலவே இருமலும் எடைக்குறைவும் எக்ஸ்ரே மாற்றமும் உண்டாக்குகின்றன.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. அமிலம் தாங்கும் தன்மை எல்லாவற்றுக்கும் பொது என்பதால், சளிப் பரிசோதனையில் இவையும் அதே சிவப்புக் கோல்களாகத்தான் தெரியும். காசநோய் மருந்துக்கு நோய் கேட்காதபோது, மருந்து எதிர்ப்புக் காசநோய் என்று தவறாக எண்ணி இன்னும் கடுமையான மருந்துகள் கொடுக்க நேரிடுகிறது. நுண்ணோக்கியில் கிருமி தெரிந்து மரபணுச் சோதனையில் காசநோய் இல்லை என்று வந்தால் இவற்றைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரிலிருந்தும் சளிக்குள் வந்திருக்கலாம் என்பதால் ஒரே ஒரு சளி வளர்ப்பைக் கொண்டு முடிவு செய்வதில்லை. அறிகுறியும் எக்ஸ்ரே மாற்றமும் இருந்து, இரு வேறு சளி மாதிரிகளில் ஒரே வகை வளர்ந்தால்தான் நோய் என்று கொள்கிறார்கள். ஏவியம் வகைக்குச் சளி சுத்தமான நாளிலிருந்து மேலும் ஓராண்டு கூட்டு மருந்து தேவை.

அப்செசஸ் வகை பெரும்பாலான மருந்துகளுக்கு இயல்பாகவே சாவதில்லை. லண்டனில் நுரையீரல் மாற்று அறுவைக்குப் பின் இத்தொற்றால் நலிந்திருந்த 15 வயதுப் பெண்ணுக்கு, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் மூன்றைச் சேர்த்துச் செலுத்தியதில் உடல் தேறியதாக 2019இல் அறிக்கை வெளியானது. தொற்று முழுமையாக நீங்கவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் குழு வழங்கிய அந்த வைரஸ்களில் ஒன்று, தென்னாப்பிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயின் அடிப்புறத்திலிருந்து கிடைத்தது. பின்னர் இத்தகைய சிகிச்சை பெற்ற இருபது பேரில் பதினொருவருக்கு நல்ல பலன் தெரிந்தது.

இந்த உறவினக் கிருமிகளுக்குத் தடுப்பூசி வரலாற்றிலும் இடமுண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பதினைந்து ஆண்டுகள் கவனித்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுத்ததாகத் தெரியவில்லை. அப்பகுதி மக்களில் பெரும்பாலோர் மண்ணிலும் நீரிலும் உள்ள மைகோபாக்டீரியாவுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. மூளையைத் தாக்கும் கடுங்காசநோயிலிருந்து குழந்தைகளை பி.சி.ஜி. காக்கிறது, அதனால் பிறந்தவுடன் அது தொடர்ந்து போடப்படுகிறது.

உணவும் ஒரு சிகிச்சை

மருந்து குறைத்துவைத்த எஞ்சுகிருமிகளை அடக்கிவைப்பது உடலின் எதிர்ப்பாற்றல். அதற்குச் சாப்பாடு வேண்டும். ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளின் வீடுகளைச் சேர்ந்த 10,345 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. ஒரு பிரிவு வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். மற்றப் பிரிவில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும். எல்லோருக்கும் உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்துக்குள் எடை கூடியவர்கள் இறப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆய்வு வெளிவரும் முன்பே, 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் மெலிந்த நோயாளிகளைக் கவனத்தில் கொள்கிறது. நோய் கண்ட உடனேயே, மிகவும் மெலிந்தவர், மூச்சுத் திணறுபவர், துணையின்றி நிற்க முடியாதவர் ஆகியோரைப் பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மாத்திரையும் அங்கே இலவசம். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியது போலத் தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. எஞ்சியிருக்கும் கிருமிகளுக்காகத்தான் மீதி நான்கு மாதம். நிறுத்தும் நாளை மருத்துவர் சொல்லட்டும்.